பழைய கணினிக்கு ஏற்ற இயங்குதளம் எது?



2025ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் 14ஆம் நாளுடன் விண்டோஸ் 10 என்னும் இயங்குதளத்திற்கு மைக்ரோசொப்ட் நிறுவனம் வழங்கிவந்த பொதுவான பராமரிப்பு நிறைவெய்தியது. அதனை அடுத்து வந்த விண்டோஸ் 11, ஏறத்தாழ 2018ஆம் ஆண்டுக்கு முன்னர் விற்பனைக்கு வந்த பெரும்பாலான கணினிகளைத் தனக்குத் தகுதியற்றவை என ஒதுக்கிவிடுகின்றது. இதனால், பழுதேதுமின்றி ஓடிக்கொண்டிருக்கும் கணினிகள் எமது வீடுகளில் மூலைக்குத் தள்ளப்படுகின்றன. இவற்றுக்கும் முன்னரே மூலைக்குச் சென்ற விண்டோஸ் 98, விண்டோஸ் எக்ஸ்பி காலத்துக் கணினிகளும் பல இல்லங்களின் நிலவறைகளில் உள்ளன. இவற்றை வைத்திருப்பதா, வீசிவிடுவதா, வைத்திருப்பதாயின் எந்த இயங்குதளத்தை இடுவது எனப் பெற்றோர் பலர் வினவுகின்றனர். அவ்வினாவுக்கு இயன்றவரை தெளிவாக விடையளிப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

விடையின் சாரத்தை முதலிலேயே கூறிவிடலாம். கணினி எவ்வளவு பழையது என்பது இரண்டாவது கேள்வி. அதனுள் இருக்கும் ஆவணங்கள் எதனை நம்பி உயிர் வாழ்கின்றன என்பதே முதற் கேள்வி. அதற்கு விடை கண்டபின் இயங்குதளத்தைத் தெரிவது எளிதாகும். அதற்கு விடை காணாமல் எந்தப் புதிய இயங்குதளத்தை இட்டாலும், மீளப்பெற இயலாத ஒன்றை நாம் அழித்துவிடக் கூடும்.

இயங்குதளம் என்பது யாது?

மாணவர்கள் விளங்கிக்கொள்வதற்காக ஒரு பாடசாலையை எண்ணிப் பார்ப்போம். கட்டடம், மேசை, வாங்கு, கரும்பலகை ஆகியன கணினியின் வன்பொருளைப் போன்றவை. கணிதம் கற்பிப்பவர், சங்கீதம் கற்பிப்பவர் முதலிய ஆசிரியர்கள் மென்பொருள்களைப் போன்றவர்கள். எந்த வகுப்பு எந்த அறையில் நடைபெறும், எவருக்கு எத்தனை மணிக்குப் பாடம், வெண்கட்டி எவரிடம் உள்ளது என்பனவற்றை ஒழுங்கு செய்பவர் அதிபர். அவருடைய நேரசூசி இன்றேல் கட்டடமும் ஆசிரியரும் இருந்தும் பாடம் நடவாது. கணினியில் இவ்வதிபரின் பணியைச் செய்வதே இயங்குதளம். இலங்கைப் பாடநூல்கள் இதனைப் பணிசெயல் முறைமை எனவும் வழங்கும்.

அதிபரின் நிருவாகமும் இடத்தைப் பிடிக்கும் என்பதனை மறத்தலாகாது. விண்டோஸ் 98 இயங்குவதற்கு ஆகக் குறைந்தது 16 மெகாபைட் நினைவகம் போதுமெனக் கூறப்பட்டது. விண்டோஸ் 11 கேட்பதோ ஆகக் குறைந்தது 4 ஜிகாபைட். அஃதாவது 256 மடங்கு. இரண்டு அறைகள் உள்ள கிராமத்துப் பாடசாலைக்கு நாற்பது எழுதுவினைஞர்களைக் கொண்ட காரியாலயத்தை அமைத்தால் பிள்ளைகள் அமர இடமிராது. விரலுக்குத் தக்க வீக்கம் என்பது கணினிக்கும் பொருந்தும்.

பழமை மூவகைப்படும்

பழைய கணினி என்று பொதுவாகக் கூறும்போது மூன்று வேறு பழமைகளை நாம் ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறோம்.

முதலாவது வன்பொருளின் பழமை. இது வேகத்தையும் நினைவகத்தையும் பொறுத்தது. கட்டணமின்றிக் கிடைக்கும் இலேசான இயங்குதளம் ஒன்றினாலோ, சில உதிரிப் பாகங்களினாலோ இதற்குப் பரிகாரம் காணலாம்.

இரண்டாவது மென்பொருளின் பழமை. குறித்த ஒரு மென்பொருள் குறித்த ஓர் இயங்குதளத்தின் மீது மட்டுமே இயங்கும் நிலை இது. டொஸ் காலத்திலும் விண்டோஸ் 3.1 காலத்திலும் எழுதப்பட்ட மென்பொருள்கள் 16 பிட் வகையைச் சேர்ந்தவை. 64 பிட் விண்டோஸ் எதுவும் அவற்றை நேரடியாக இயக்காது. விண்டோஸ் 10 வரையில் 32 பிட் பதிப்பு ஒன்றும் இருந்தமையால் அவற்றுட் பலவற்றுக்கு ஒரு சிறு வாயில் திறந்திருந்தது. விண்டோஸ் 11இற்கு 32 பிட் பதிப்பே இல்லை. வாயில் மூடப்பட்டுவிட்டது.

மூன்றாவது ஆவணத்தின் பழமை. கோப்பு பழுதின்றி இருக்கும்; அதனைத் திறக்கும் மென்பொருளோ, காட்டும் எழுத்துருவோ கையில் இராது. தமிழர்களாகிய எம்மைப் பெரிதும் பாதிப்பது இந்த மூன்றாவது பழமையே.

பாமினியில் உறங்கும் தமிழ்

1990களில் புலம்பெயர்ந்த நாடுகளில் தமிழ்ப் பாடசாலைகளும் ஆலயங்களும் ஊர்ச் சங்கங்களும் தோன்றியபோது, அவற்றின் மலர்களும் வினாத்தாள்களும் கணினியிலேயே அச்சுக்கோக்கப்பட்டன. ஈழத்தமிழரிடையே அப்போது பெரிதும் பரவியிருந்த எழுத்துரு பாமினி. பக்கங்களை வடிவமைக்கப் பேஜ்மேக்கர் என்னும் மென்பொருள் பயன்பட்டது.

பாமினி போன்ற எழுத்துருக்கள் செய்த வேலை ஒரு வகையான வேடமிடல் ஆகும். ஆங்கில எழுத்துக்கு உரிய இடத்தில் தமிழ் எழுத்தின் உருவத்தை வரைந்து வைத்தார்கள். ஆகவே, நாம் திரையில் "தமிழ்" என்று கண்ட சொல், கோப்பினுள் ஜே, கே, பி, ஓ என்னும் நான்கு ஆங்கில எழுத்துகளாகவும் ஓர் அரைப்புள்ளியாகவுமே பதிந்திருக்கும். ஜே என்பது தகரம், கே என்பது மகரம், பி என்பது இகரத்தின் விசிறி, ஓ என்பது ழகரம், அரைப்புள்ளி என்பது மெய்யெழுத்தின் புள்ளி. பாமினி இருக்கும் கணினியில் அது தமிழ். பாமினி இல்லாத கணினியில் அது பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியல். இக்குவியலைக் கண்டு, கோப்பு பழுதடைந்துவிட்டதென நினைத்து அழித்தவர்கள் பலர். உண்மையில் கோப்பு நலமாகவே இருக்கின்றது. அதனை வாசிக்கும் மூக்குக்கண்ணாடியே தொலைந்துவிட்டது.

ஒருங்குறி எனப்படும் யுனிகோட் முறை இதற்கு மாறானது. 1991இல் வெளிவந்த அதன் முதற் பதிப்பிலேயே தமிழ் எழுத்துகளுக்குத் தனி இடம் ஒதுக்கப்பட்டது. அதன்படி தகரத்துக்கு உரிய எண் தகரத்துக்கு மட்டுமே உரியது. எந்த எழுத்துருவை இட்டாலும் தமிழ் தமிழாகவே இருக்கும். எனினும் மைக்ரோசொப்டின் இயங்குதளங்களுள் 2000ஆம் ஆண்டில் வெளிவந்த விண்டோஸ் 2000 முதற்கொண்டே ஒருங்குறித் தமிழுக்கு முறையான ஆதரவு கிடைத்தது. விண்டோஸ் 95, 98 ஆகியவற்றில் அத்தகைய ஆதரவு இருக்கவில்லை. ஆகவே அக்காலத்து எமது எழுத்துகள் அனைத்தும் பாமினி முதலிய பழைய எழுத்துருக்களிலேயே தங்கிவிட்டன.

தங்கிவிட்டவை எவை என்பதனையும் எண்ணிப் பார்க்கவேண்டும். ஊர்ச் சங்கங்களின் மலர்கள், இங்கு பிறந்த பிள்ளைகளுக்காக முதன்முதலில் எழுதப்பட்ட பாடப்புத்தகங்கள், அரங்கேற்ற மலர்கள், மறைந்தவர்களின் வாழ்க்கைக் குறிப்பும் வம்சாவளியும் அடங்கிய அந்தியேட்டிக் கல்வெட்டுகள் ஆகியன அவற்றுட் சில. சில நூறு பிரதிகளே அச்சிடப்பட்ட இவற்றின் மூலம் இன்று எவரோ ஒருவரது நிலவறைக் கணினியில் மட்டும் இருத்தல் கூடும். 1981இல் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரியூட்டப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. அத்தீயை உலகம் கண்டது. பழைய கணினி ஒன்று கழிவுப் பொருள் நிலையத்திற்குச் செல்லும்போது புகை எழுவதில்லை, எவரும் அழுவதுமில்லை.

தேவை எது எனப் பிரித்தறிதல்

பழைய ஆவணம் ஒன்றைத் திறக்கப் பழைய இயங்குதளம் வேண்டும் எனப் பலர் எண்ணுகின்றனர். அஃது எப்போதும் உண்மையன்று. ஆவணத்திற்குத் தேவையானது மூன்றில் ஒன்றாக இருக்கும்.

எழுத்துரு மட்டும் தேவையான ஆவணங்கள் உள. வேர்ட் மென்பொருளில் பாமினியைக் கொண்டு எழுதப்பட்ட கடிதமோ வினாத்தாளோ இவ்வகையைச் சேரும். பழைய பாமினி எழுத்துருக் கோப்பைப் புதிய விண்டோஸிலோ லினக்ஸிலோ நிறுவினால் இவை பெரும்பாலும் முன்போலவே தோன்றும். இதற்குப் பழைய இயங்குதளம் வேண்டியதில்லை. ஆயின், கணினியை அகற்றுவதற்கு முன் அதில் உள்ள எழுத்துருக் கோப்புகள் அனைத்தையும் பிரதி செய்துகொள்ளுதல் வேண்டும். விண்டோஸில் அவை "ஃபொன்ட்ஸ்" எனப் பெயரிய உறையினுள் இருக்கும். ஆவணங்களை எடுத்துக்கொண்டு எழுத்துருக்களை விட்டுவிடுதல், பூட்டிய பெட்டியை எடுத்துத் திறப்பை விட்டுச் செல்வதற்கு ஒப்பாகும்.

மென்பொருளும் தேவையான ஆவணங்கள் உள. பேஜ்மேக்கர் கோப்புகள் இவ்வகையின. 2001இல் வெளிவந்த 7.0 பதிப்புடன் பேஜ்மேக்கர் முடிவுற்றது. கட்டணமின்றிக் கிடைக்கும் லிப்ரே ஒபிஸ் என்னும் மென்பொருள் 2015ஆம் ஆண்டு முதல் பேஜ்மேக்கர் கோப்புகளைத் திறக்க வல்லது. எனினும் படங்களும் பத்திகளும் இடம் மாறித் தோன்றுதல் உண்டு. உள்ளடக்கத்தை மீட்க இது போதும். பக்கத்தின் அழகு சிதையாமல் மீட்கப் பேஜ்மேக்கரே வேண்டும். அதற்கு விண்டோஸ் எக்ஸ்பி போன்ற பழைய இயங்குதளம் வேண்டும்.

இயந்திரமும் தேவையான நிலை ஒன்று உண்டு. பழைய வருடி, அச்சுப்பொறி முதலியவற்றை இயக்குவதற்கென எழுதப்பட்ட இயக்கி மென்பொருள் 32 பிட் விண்டோஸுக்கு மட்டும் உரியதாயின், 64 பிட் விண்டோஸில் அது வேலை செய்யாது. லினக்ஸ் இயங்குதளம் பழைய வருடிகள் பலவற்றை இன்றும் ஏற்றுக்கொள்வதால், அதனை முதலில் முயன்று பார்த்தல் நன்று.

மூன்று தலைமுறைக் கணினிகள்

இனி, கணினியின் வயதுக்கு ஏற்ப எதனைத் தெரிவு செய்யலாம் என நோக்குவோம்.

1995 முதல் 2001 வரையிலான கணினிகள்: இவற்றில் விண்டோஸ் 95 அல்லது 98 இருக்கும். அதனை அப்படியே விட்டுவைப்பதே சிறந்தது. அக்காலத்து வன்பொருளுக்கு உரிய இயக்கிகள் அதனுடனேயே இணைந்துள்ளன. அதனை அகற்றி வேறொன்றை இட்டால் பெறும் பயன் சிறிது, இழப்பது பெரிது. விண்டோஸ் 98 பொதுவான யூ.எஸ்.பி. நினைவுக் குச்சிகளைத் தானாக அடையாளம் காணாது. அதற்கெனத் தனி இயக்கி வேண்டும். வேகம் கருதி நினைவகத்தை மிகுதியாகக் கூட்டுவதும் பயன் தராது. 512 மெகாபைட்டுக்கு மேற்சென்றால் விண்டோஸ் 98 இடர்ப்படும். டொஸ் மென்பொருள்களை மட்டும் இயக்க வேண்டுமாயின் ஃபிரீடொஸ் என்னும் இலவச இயங்குதளம் உண்டு. 1994இல் ஜிம் ஹோல் என்னும் அமெரிக்கப் பல்கலைக்கழக மாணவர் இதனைத் தொடங்கினார். 2025இலும் இதற்குப் புதிய பதிப்பு வெளிவந்தது.

2002 முதல் 2008 வரையிலான கணினிகள்: இவை பெரும்பாலும் விண்டோஸ் எக்ஸ்பியுடன் வந்தவை. இங்கு முதலில் அறியவேண்டியது, செயலி 32 பிட் வகையா 64 பிட் வகையா என்பதே. 2008 அளவில் மலிவாக விற்கப்பட்ட சிறு மடிக்கணினிகளுட் பல 32 பிட் மட்டுமே. லினக்ஸ் உலகமும் 32 பிட் கணினிகளை மெல்லக் கைவிட்டு வருகின்றது. உபுண்டு 2017இல் அதற்கான நிறுவல் வட்டுகளை நிறுத்தியது. 2023இல் வெளிவந்த டெபியன் 12, 32 பிட் கணினிகளில் நேரடியாக நிறுவக்கூடிய கடைசி டெபியன் ஆயிற்று. 2025இல் வந்த டெபியன் 13இல் அவ்வசதி இல்லை. எனவே 32 பிட் கணினியைப் பழைய மென்பொருளுக்கென இணையமின்றி வைத்திருப்பதே பொருத்தமாகும். எழுதுவதற்கும் வாசிப்பதற்கும் மட்டும் வேண்டுமெனின் பப்பி லினக்ஸ் போன்ற மிகச் சிறியவற்றை முயலலாம். 2003இல் அவுஸ்திரேலியாவைச் சேர்ந்த பரி கவுலர் தொடங்கிய இது, வன்தட்டைத் தொடாமல் நினைவகத்திலேயே தங்கி இயங்கவல்லது.

ஓர் உண்மையை இங்கு மறைத்தலாகாது. இயங்குதளம் இலேசானது என்பதால் இணையப் பக்கங்கள் இலேசாகிவிடுவதில்லை. இன்றைய இணையப் பக்கம் ஒன்றே 1998ஆம் ஆண்டுக் கணினியின் முழு நினைவகத்தையும் விழுங்கிவிடும். மிகப் பழைய கணினியில் பிள்ளைகள் இணையவழி வகுப்பில் பங்குபற்ற வேண்டுமென எதிர்பார்த்தல் முறையன்று.

2009 முதல் 2017 வரையிலான கணினிகள்: விண்டோஸ் 11 ஒதுக்கிவிட்ட இவையே உண்மையில் மீட்கத்தக்கவை. இவை பெரும்பாலும் 64 பிட் வகையின. லினக்ஸ் மின்ட் போன்ற இயங்குதளத்திற்கு ஆகக் குறைந்தது 2 ஜிகாபைட் நினைவகமும் 20 ஜிகாபைட் வன்தட்டும் போதும். 4 ஜிகாபைட் நினைவகம் இருத்தல் விரும்பத்தக்கது. சுழலும் பழைய வன்தட்டை அகற்றி அசையும் பாகமற்ற திண்மநிலைத் தட்டை இட்டால் வேகம் வெகுவாகக் கூடும். லினக்ஸில் ஒருங்குறித் தமிழ் தானாகவே தெரியும். தமிழ்99, தட்டச்சு, ஒலிப்பு முறை ஆகிய விசைப்பலகை அமைப்புகளையும் சேர்த்துக்கொள்ளலாம். நிறுவுவதற்கு முன்னர் நினைவுக் குச்சியிலிருந்தே இயக்கிப் பார்க்கும் வசதி இருப்பதால், ஒலி, வலையமைப்பு, அச்சுப்பொறி யாவும் சரிவர இயங்குகின்றனவா எனச் சோதித்த பின்னரே முடிவு செய்யலாம்.

லினக்ஸின் கருவை 1991இல் எழுதத் தொடங்கியபோது லினஸ் தொர்வால்ட்ஸ் ஹெல்சிங்கி பல்கலைக்கழகத்தில் கற்றுக்கொண்டிருந்த 21 வயது மாணவர். மேற்கூறிய ஜிம் ஹோலும் ஒரு மாணவரே. மாணவச் செல்வங்கள் இதனைக் கருத்திற் கொள்ளுதல் வேண்டும்.

பழைய மென்பொருளைப் புதிய வீட்டில் குடியமர்த்தல்

பழைய கணினி என்றோ ஒரு நாள் நின்றுவிடும். அதன்பின் பழைய மென்பொருளை எவ்வாறு இயக்குவது? இதற்கு மூன்று வழிகள் உள.

முதலாவது, மெய்நிகர் கணினி. புதிய கணினியின் உள்ளேயே ஒரு மென்பொருள் இன்னொரு கணினியைப் போல நடிக்கும். வெர்ச்சுவல்பொக்ஸ் என்பது அத்தகையது. முறையாகப் பெற்ற விண்டோஸ் எக்ஸ்பி வட்டும் உரிமமும் உங்களிடம் இருப்பின், அதனை இதனுள் நிறுவிப் பேஜ்மேக்கரையும் இயக்கலாம். களவாகப் பிரதி செய்த வட்டுகளைப் பயன்படுத்துதல் தகாது.

இரண்டாவது, வைன் என்னும் மென்பொருள். 1993இல் தொடங்கிய இது, விண்டோஸ் இன்றியே விண்டோஸ் மென்பொருள்கள் பலவற்றை லினக்ஸின் மீது இயக்க முயல்கின்றது. எல்லா மென்பொருளும் இயங்கும் எனக் கூறவியலாது. பழைய எளிய மென்பொருள்கள் இதில் நன்கு இயங்குதல் உண்டு.

மூன்றாவது, டொஸ்பொக்ஸ். டொஸ் காலத்து மென்பொருள்களுக்கும் விளையாட்டுகளுக்கும் உரியது இது. விண்டோஸ், லினக்ஸ், மக் ஆகிய மூன்றிலும் கட்டணமின்றிக் கிடைக்கின்றது.

இணையமும் பாதுகாப்பும்

விண்டோஸ் 98இன் பராமரிப்பு 2006 யூலையிலும், எக்ஸ்பியின் பராமரிப்பு 2014 ஏப்ரலிலும், விண்டோஸ் 7இன் பராமரிப்பு 2020 சனவரியிலும் முடிவுற்றன. பராமரிப்பு முடிவுறுதல் என்பதன் பொருள், கண்டுபிடிக்கப்படும் ஓட்டைகள் இனிமேல் அடைக்கப்படமாட்டா என்பதே. 2017ஆம் ஆண்டு மே மாதத்தில் வன்னாக்ரை என்னும் தீநிரல், ஓட்டை அடைக்கப்படாத விண்டோஸ் கணினிகளில் உலகெங்கும் பரவியது. பிரித்தானிய மருத்துவமனைகள் பலவற்றின் பணிகளும் அதனால் தடைப்பட்டன. பராமரிப்பு முடிந்து மூன்றாண்டுகள் கடந்த எக்ஸ்பிக்கும் அப்போது அவசரமாக ஓர் ஒட்டு வழங்கப்பட்டது. ஒவ்வொரு முறையும் அவ்வாறு வழங்கப்படுமென எதிர்பார்க்கவியலாது.

ஆகவே விதி எளியது. பழைய இயங்குதளம் உள்ள கணினியை இணையத்தில் இணைத்தலாகாது. வங்கிக் கணக்கு, அரச படிவம், மின்னஞ்சல் ஆகியவற்றை அதில் ஒருபோதும் திறத்தலாகாது. கோப்புகளை நினைவுக் குச்சி வழியாக மாற்றிக்கொள்ளலாம்.

செய்யவேண்டிய ஒழுங்கு

1. எதனையும் நிறுவுவதற்கு முன், வன்தட்டு முழுவதையும் பிரதி செய்தல் வேண்டும். கணினி இயங்காவிடினும் கவலை வேண்டாம். பழைய வன்தட்டைக் கழற்றி யூ.எஸ்.பி. மாற்றி ஒன்றின் மூலம் புதிய கணினியுடன் இணைக்கலாம். விண்டோஸ் 98 பயன்படுத்திய தட்டு அமைப்பை இன்றைய விண்டோஸும் லினக்ஸும் வாசிக்கும்.

2. கணினி ஒவ்வொரு முறையும் பழைய திகதியையே காட்டினால் அதனைப் பழுதெனக் கொள்ளவேண்டாம். தாய்ப்பலகையில் உள்ள நாணய வடிவிலான மின்கலம் தீர்ந்திருக்கும். பெரும்பாலான கணினிகளில் அது சி.ஆர். 2032 என்னும் இலக்கமுடையது. கடைகளில் மலிவாகக் கிடைக்கும்.

3. நெகிழ்வட்டுகளை முதலில் பிரதி செய்தல் வேண்டும். 1.44 மெகாபைட் கொள்ளளவுடைய அவற்றின் காந்தப் பூச்சு ஆண்டுகள் செல்லச் செல்ல நலிவுறும். யூ.எஸ்.பி. மூலம் இணைக்கும் நெகிழ்வட்டுச் செலுத்திகள் உள.

4. பேஜ்மேக்கர் இயங்கும் நிலையில் இருப்பின், ஒவ்வொரு மலரையும் எழுத்துருக்களை உட்பொதித்த பி.டி.எஃப். கோப்பாக மாற்றிக்கொள்ளுதல் வேண்டும். இது பக்கத்தின் தோற்றத்தைக் காக்கும்.

5. அதன்பின் உள்ளடக்கத்தை ஒருங்குறிக்கு மாற்றுதல் வேண்டும். இது தேடலையும் மீள்பயன்பாட்டையும் காக்கும். பொங்குதமிழ், என்.எச்.எம். ஆகிய எழுத்துருமாற்றிகள் இதற்கு உதவும். பாமினி விசைகளுக்குப் பழகிய கைகளை உடையோர் இ-கலப்பை மென்பொருள் மூலம் அதே விசைகளில் ஒருங்குறியாகவே எழுதலாம்.

6. இவை யாவும் முடிந்து, பிரதிகள் இரு வேறு இடங்களில் இருப்பதை உறுதிசெய்த பின்னரே புதிய இயங்குதளத்தை இடுதல் வேண்டும்.

மாற்றிய பின் மெய்ப்புப் பார்த்தல்

எழுத்துருமாற்றி இயந்திரம் போல் வேலை செய்யும். அதற்குத் தமிழ் தெரியாது. பாமினியில் எழுதிய பந்தியின் நடுவே ஆங்கிலப் பெயர் ஒன்று இருந்தால், அதனையும் தமிழெனக் கருதிப் பொருளற்ற எழுத்துகளாக மாற்றிவிடும். இன்னொரு தவறு கண்ணுக்கே தெரியாது. அக்காலத்தில் தட்டச்சு செய்தோர் பலர், ரகர மெய்க்குப் பதிலாக ஆகாரத்தின் காலை இட்டு அதன் மேல் புள்ளி வைத்தனர். அச்சில் இரண்டும் ஒன்றுபோலவே தோன்றியதால் எவரும் அதனைக் குறையெனக் கொள்ளவில்லை. ஒருங்குறிக்கு மாற்றிய பின் அவை இரு வேறு எழுத்துகள். "ஆசிரியர்" என்று தேடினால், காலிட்டுப் புள்ளி வைத்த "ஆசிரியர்" அகப்படமாட்டார்! பெயர்ச் சொற்களையும் ஊர்ப் பெயர்களையும் இவ்வகையில் ஒவ்வொன்றாகச் சரிபார்த்தல் இன்றியமையாதது.

இவ்வாறு மாற்றுவது இயலாத காரியமன்று. 1998ஆம் ஆண்டு பொங்கல் நாளில் தொடங்கிய மதுரைத் திட்டம், உலகெங்கும் வாழும் தமிழ்த் தொண்டர்களைக் கொண்டு பண்டை இலக்கியங்களைக் கணினியேற்றியது. பழைய குறியேற்றத்தில் வைத்திருந்த நூல்களைப் பின்னர் ஒருங்குறிக்கு மாற்றி இன்றும் அனைவரும் வாசிக்கும்படி செய்துள்ளது. ஈழத்து நூல்களையும் இதழ்களையும் சேகரிக்கும் நூலகம் என்னும் எண்ணிம நூலகம் 2005இல் தொடங்கியது. சிறிய ஊர் மலர்களும் கல்வெட்டுகளும் அங்கு இடம்பெறுகின்றன. ஆதலால் நீங்கள் மீட்டெடுப்பதனைக் கொண்டுசேர்க்க இடமும் உண்டு.

பெற்றோருக்கும் மாணவருக்கும்

எமது வீடுகளில் அறிவு இரு கூறாகப் பிரிந்து கிடக்கின்றது. வன்தட்டைக் கழற்றவும், லினக்ஸை நினைவுக் குச்சியில் ஏற்றவும், மெய்நிகர் கணினியை அமைக்கவும் வல்லவர்கள் பிள்ளைகள். திரையில் தோன்றும் பெயர் எந்த ஊருக்கு உரியது, படத்தில் நிற்பவர் எவர், அச்சொல் பிழையா சரியா எனக் கூறவல்லவர்கள் பெற்றோரும் பேரரும். ஒருவரிடம் உள்ள திறமை மற்றவரிடம் இல்லை. பழைய கணினி ஒன்றை மீட்கும் பணி, இவ்விரு கூறுகளையும் ஒரே மேசையில் அமர்த்தக்கூடியது. வார இறுதியில் ஈராண்டு வகுப்புகளில் கற்பிக்க இயலாத தமிழை, ஓர் ஊர் மலரை மெய்ப்புப் பார்க்கும் பிள்ளை கற்றுக்கொள்ளும்.

எம்மிற் பலர் ஊரை விட்டுப் புறப்பட்டபோது எடுத்துவர இயன்றவை மிகச் சிலவே. இங்கு வந்தபின் நினைவிலிருந்து எழுதிவைத்தவையே எமது இரண்டாவது சேமிப்பு. அச்சேமிப்பை எழுதியவர்களுட் பலர் இன்று எம்முடன் இல்லை. அவர்களிடம் மீண்டும் கேட்டு எழுதவியலாது.

ஆகவே, அடுத்த முறை வீட்டைத் துப்புரவு செய்யும்போது பழைய கணினியைத் தூக்குமுன் ஒரு கேள்வியைக் கேட்டுக்கொள்ளுங்கள்: இதனுள் எவர் எழுதிய தமிழ் இருக்கின்றது? விடை தெரியாவிடின் வன்தட்டையேனும் கழற்றி, ஆண்டும் பெயரும் எழுதி ஒட்டி வையுங்கள். இயங்குதளத்தை ஆறுதலாகத் தெரிவு செய்யலாம்.